பதினோராம் கேள்வி

ஒரு படிவத்துக்கு நூற்றியெண்பது ரூபா எனக்கு.
நாற்பது படிவம், கல்முனை பஸ் நிலையத்தில்,
ஜும்ஆவுக்குக் கடைகள் பூட்டுமுன்.

பத்துக் கேள்வி வரைக்கும் சனம் பொறுமையாய் இருந்தது.
வயது, தொழில், வீட்டில் எத்தனை பேர்.
பதினோராவது இது:
விமானக் கட்டணங்களை அரசாங்கம்
கட்டுப்படுத்த வேண்டுமா?

முழுமையாக ஏற்கிறேன், ஏற்கிறேன், கருத்தில்லை,
ஏற்கவில்லை, அறவே ஏற்கவில்லை.
ஐந்து கட்டம்.
ஒன்றில் மட்டும் புள்ளடி.

பாண்டிருப்பு சாமித்தம்பி, ஓட்டோவுக்குள் காலை நீட்டியபடி:
"பஸ்ஸுக்கு விலை போட்டவன்
பஸ்ஸில ஏறி மிச்சக்காசு வாங்கித் தந்தானா?
இனிப் பிளேனில ஏறப்போறானாமோ?"
ஏற்பா மறுப்பா அண்ணே?
"எழுதுறது உன்ட வேலை."

உதுமாலெப்பை டிராவல்ஸில் குளிரூட்டி ஓடுகிறது.
மேசையில் பிளாஸ்டிக் விமானம்,
ஒரு சிறகு டேப்பால் ஒட்டியது.
"விலைக்கு மூடி போட்டா, தங்கச்சி,
பறக்கிறவன் வேற ஊருக்குப் பறந்துடுவான்.
நாலு கம்பனி அடிபட்டாத்தான் டிக்கட் இறங்கும்."
அறவே ஏற்கவில்லை. அழுத்திப் போட்டேன்.
நான் எழும்பும்போது, "ஆனா..." என்றார்,
"நோன்புப் பெருநாள் வரக்குள்ள மட்டும்
ஆராவது கேட்டாக் காணும்.
நாலு மடங்குக்கு விக்கிறானுகள்.
நானுந்தான் விக்கிறன்."
"ஆனா"வுக்குக் கட்டமில்லை.

கச்சான் சுருள் மடித்தபடியே நேசம்மா கேட்டாள்:
அரசாங்கத்திட்டயே பிளேன் கிடக்கு, என்ன?
கிடக்கு.
அது நட்டத்தில ஓடுது, என்ன?
அப்படித்தான் சொல்கிறார்கள்.
அந்த நட்டத்த ஆர் கட்டுற?
நான் பேனையைப் பார்த்தேன்.
"பருப்பு வாங்கக்குள்ள நான் கட்டுறன்.
ஏறாத பிளேனுக்கு
எத்தின வருசமா டிக்கட் எடுக்கிறன், மகள்.
ஒருநாள் ஜன்னல் சீட்டாவது தரச் சொல்லு."
சிரித்தாள். சுருள் ஒன்று தந்தாள்.
காசு வாங்கவில்லை.

மருதமுனை ஜெசீமா குவைத்தில் இருந்து வந்து ஒன்பது நாள்.
மூன்று கிலோ கூட என்றார்களாம் கவுண்டரில்.
கிலோவுக்கு எவ்வளவென்று கேட்டதற்கு
ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்களாம்.
வரிசை முழுக்கப் பார்த்துநிற்க
பெட்டியைத் திறந்து
இரண்டு வருசத்தையும் தரையில் பரப்பினேன் என்றாள்.
பால்மா ரின் இரண்டு, போர்வை,
மகனுக்கு வாங்கின சப்பாத்து.
சப்பாத்தைக் கையில் மாட்டிக்கொண்டு ஏறினாளாம்,
கையுறை மாதிரி.
"கூட எடுக்கட்டும், குறைய எடுக்கட்டும்.
எவ்வளவு எண்டு முன்னுக்கே சொல்லச் சொல்லுங்க."
அதை ஓரத்தில் எழுதினேன், சின்ன எழுத்தில்.

ஓரத்தில் எழுதக்கூடாது.
கொழும்பிலிருந்து மேற்பார்வையாளர் போன் எடுத்துச் சொன்னார்.
இயந்திரம் ஓரத்தை வாசிக்காதாம்.
அதோடு, "கருத்தில்லை" கூடிப்போச்சாம் எங்கள் பக்கம்.
கிழக்கில் ஆட்களுக்குக் கருத்தே இல்லையா, மிஸ்?

முப்பத்தொன்பது முடிந்தது. பாங்கு சொல்லிவிட்டது.
அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறி
நாற்பதாவதில் என் பெயரையே எழுதினேன்.
வயது இருபத்தாறு. வீட்டில் நால்வர்.
கட்டாரில் இருக்கும் அண்ணனைச் சேர்த்தால் ஐவர்.
சேர்ப்பதா?

தையில் அவனுக்கு லீவு.
போனில் விலை பார்த்தேன்.
திரும்பப் பார்த்தேன். கூடியிருந்தது.
பார்த்ததற்கும் காசா?
"இன்னும் இரண்டு ஆசனங்களே மிச்சம்"
சிவப்பில் சொல்கிறது.
காலையிலும் இரண்டுதான்.
முந்தநாளும்.

சாய்ந்தமருது தாண்ட, கொண்டக்டர் வந்தான்.
நூறு ரூபாத் தாளை நீட்டினேன்.
"மிச்சம் பிறகு," என்று முன்னுக்குப் போனான்.
ஜன்னலுக்கு மேலே கட்டணப் பட்டியல்,
வெயிலில் வெளுத்து,
அரசாங்க இலச்சினை மட்டும் தெளிவாக.
விரலால் கோடு பிடித்து வாசித்தேன்.
பதினாறு ரூபா வரவேண்டும்.

காரைதீவுச் சந்தியில் இறங்கினேன்.
பஸ் வெளிக்கிட்டது.
நான் கேட்கவில்லை.